முப்பத்தெட்டாம் அட்டைக்குப் பதில்

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். நீயும் மாமாவும் குட்டியும் சுகமாக இருப்பீர்கள். இல்லையென்றாலும் நீ 'சுகம்' என்றுதான் எழுதுவாய், அதனால் கேட்டுப் பயனில்லை.

படத்தைப் போட்டுக் காட்டிவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், நூலக மாடியில், அறுபது நாற்காலி. ஐம்பத்திரண்டு பேர் வந்தார்கள். மூன்றாவது வரிசையில் அப்பாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உனக்காக என் பையை வைத்திருந்தேன். விளக்கை அணைத்த பிறகுதான் எடுத்தேன். குறை சொல்லவில்லை, சும்மா தகவல்.

கதை உனக்கு ஏற்கெனவே சொன்னதுதான். எட்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் நடுவழியில் நின்றுவிடுகிறது. உள்ளே மூன்று பேர். எங்கள் கண்ணாடிக் கடையில் ஃபிரேம் மாட்டுகிறவர், பக்கத்து வீட்டு டீச்சர், குறும்படச் சங்கச் செயலாளரின் மனைவி ஆகியோர் உள்ளே அகப்பட்டுக்கொண்டவர்கள். வெளியே கதவருகே நின்று அவர்களுக்குத் தைரியம் சொல்லும் மெக்கானிக், நம் அப்பா. முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவருக்கு வேறு என்ன வேஷம் கொடுப்பது? பக்கவாதம் வந்த பிறகு அவர் 'தண்ணி', 'போதும்', 'விடு' என்ற மூன்று வார்த்தைகளோடு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார் அல்லவா? இந்த ஒரு வசனத்துக்காக ஆறு மாதம் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து பழகினார். "பயப்படாதீங்க. நான் இங்கதான் நிக்கிறேன். கதவு தொறந்துடும்." சொல்லி முடிக்க நாலு நிமிஷம் ஆயிற்று. ஒரு நொடி கூட வெட்டாமல் படத்தில் அப்படியே வைத்தேன்.

படம் முடிந்ததும் எல்லாருக்கும் ஒரு கருத்து அட்டை கொடுத்தோம். அங்கேயே எழுதிப் பெட்டியில் போடலாம், வீட்டுக்கு எடுத்துப்போய்த் தபாலிலும் அனுப்பலாம். சங்கத்தில் ஒரு விதி இருக்கிறது. விலாசம் எழுதிய ஒவ்வொரு அட்டைக்கும் படம் எடுத்தவன் தபாலில் பதில் போட்டாக வேண்டும். போடாதவன் படம் மார்ச் கடைசியில் நடக்கும் போட்டிக்குப் போகாது. இதுவரை முப்பத்தொரு அட்டை வந்திருக்கிறது. எனக்கு லென்ஸ் தேய்க்கத் தெரியும், கடிதம் தேய்க்கத் தெரியாது. நீயோ தண்ணீர் வாரியத்தில் பன்னிரண்டு வருஷமாகப் புகார்க் கடிதங்களுக்குப் பதில் எழுதியே பேர் வாங்கியவள். கொஞ்சம் கைகொடு.

அப்பா புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். வீடு திரும்பும் வழியெல்லாம் ஒன்றும் சொல்லவில்லை. சந்தோஷத்தில்தான் என்று நினைக்கிறேன்.

அன்புடன்,
தம்பி (இனிமேல் இயக்குநர் என்றும் அழைக்கலாம்)


பிப்ரவரி 11

அன்புள்ள வாலுக்கு,

இங்கே மூவரும் சுகம். நீ கேட்காவிட்டாலும் சொல்வேன். குட்டிக்கு இரண்டு பல் விழுந்திருக்கிறது, மாமாவுக்கு ஒன்று. அப்பாவுக்கு ரத்த அழுத்த மாத்திரை மாற்றிக் கொடுத்தார்களே, ஒத்துக்கொள்கிறதா?

அன்றைக்கு வர முடியாமல் போனதற்கு மன்னித்துக்கொள். லீவு கிடைக்கவில்லை. அதைப் பற்றி மேலும் எழுதினால் நீ இன்னொரு தகவல் சொல்வாய், ஆகவே விஷயத்துக்கு வருகிறேன்.

புகாருக்குப் பதில் எழுதுவது மூன்றே படிதான். முதல் படி, நன்றி சொல். இரண்டாவது, ஒப்புக்கொள். மூன்றாவது, என்ன செய்யப் போகிறாய் என்று சொல். இதில் இரண்டாவது படியில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். "ஆனால்" என்று இழுப்பார்கள். அந்த வார்த்தையைப் பார்த்ததும் புகார் கொடுத்தவனுக்கு ரத்தம் கொதிக்கும். எங்கள் பிரிவில் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பது இதுதான்: அவர் கொண்டுவந்த குறையை அவரைவிட ஒரு சுற்றுப் பெரிதாக்கி நீயே சொல்லிவிடு. குழாயில் தண்ணீர் மெதுவாக வருகிறது என்று எழுதினால், "மெதுவாகவா? வருவதே இல்லை என்றல்லவா கேள்விப்பட்டோம்" என்று எழுது. அதற்கு மேல் அவருக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. இதுவரை என்னிடம் இரண்டாம் முறை சண்டைக்கு வந்தவர்கள் ஆறே பேர்.

எளிதானவற்றுக்கு நீயே எழுது. சிக்கலானதை மட்டும் அனுப்பு, திருத்தித் தருகிறேன்.

அப்பா பேச்சுப் பயிற்சியை விட்டுவிடாமல் பார்த்துக்கொள். படம் முடிந்துவிட்டதென்று அவரும் முடித்துவிடப் போகிறார்.

உன்
அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

வீட்டில் எல்லாம் வழக்கம்போல. புது மாத்திரை ஒத்துக்கொள்கிறது. மாமாவின் பல்லுக்கு என் ஆழ்ந்த அனுதாபம்.

அட்டைகள் முப்பத்தெட்டு ஆகிவிட்டன. உன் மூன்று படி அருமையாக வேலை செய்கிறது. "டீச்சராக நடித்தவர் அழும்போது சிரிப்பு வந்தது" என்று ஒருவர் எழுதியிருந்தார். "எங்களுக்கு எடுக்கும்போதே வந்தது" என்று எழுதிப் போட்டேன். நன்றி தெரிவித்து மறுபடியும் ஒரு கடிதம் போட்டிருக்கிறார் மனுஷன்! கடையில் ஒரு பக்கம் லென்ஸ் சுற்றிக்கொண்டிருக்கும், மறு பக்கம் நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பேன். போன வாரம் இந்தக் கவனத்தில் ஒருவருக்கு இடது கண் பவரை வலது கண்ணுக்குப் போட்டுவிட்டேன். அவருக்கும் மூன்று படி.

சிக்கல் கடைசி அட்டையில்தான். முப்பத்தெட்டாவது. தபாலில் வந்தது, பெயர் இல்லை. 'ஒரு பார்வையாளர்' என்று போட்டு, நம் தெருவிலிருந்து நாலைந்து தெரு தள்ளி ஒரு வீட்டு விலாசம் எழுதியிருக்கிறார். அப்படியே தருகிறேன்:

"படம் பரவாயில்லை. மெக்கானிக் கிழவர் பேசும் இடம் மிகவும் இழுவை. அவர் பேசி முடிப்பதற்குள் உள்ளே இருப்பவர்கள் மூச்சு முட்டிச் செத்திருப்பார்கள். எனக்குப் பின்னால் சிலர் சிரித்தார்கள். மேலும், லிஃப்ட் நின்றால் எந்த மெக்கானிக்கும் கதவருகே நின்று பேசிக்கொண்டிருக்க மாட்டான், நேரே மாடிக்கு ஏறி மெஷின் ரூமுக்குப் போவான். அந்த இடத்தை எடுத்துவிட்டால் படத்துக்கு நல்லது. எடுப்பீர்களா?"

ஆளுக்கு லிஃப்ட் பற்றித் தெரிந்திருக்கிறது. வேறு மூன்று பேரும் அந்த இடம் நீளம் என்று எழுதியிருக்கிறார்கள். செயலாளரும் அதையே ஜாடையாகச் சொன்னார். ஆனால் இவர் எழுதிய விதம் எனக்குச் சுருக்கென்று தைத்தது. கோபத்தில் இந்தப் பதிலை எழுதினேன்:

"ஐயா, அந்தக் கிழவர் என் அப்பா. அந்த மூன்று வாக்கியத்துக்காக அவர் ஆறு மாதம் பாடுபட்டார். உங்களுக்கு நாலு நிமிஷம் பெரிதாகத் தெரிகிறது. அவர் பேசுவதைக் கேட்க எனக்கு நாலு மணி நேரம் ஆனாலும் சரி. அந்தக் காட்சியை எடுக்க மாட்டேன்."

இதை அனுப்பலாமா? மூன்று படியில் ஒரு படி கூட இதில் இல்லை என்று எனக்கே தெரிகிறது.

அன்புடன்,
தம்பி


பிப்ரவரி 27

அன்புள்ள வாலுக்கு,

எல்லாரும் சுகம். இங்கே வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது, அதனால் புகார்களும் ஏற ஆரம்பித்துவிட்டன. சுருக்கமாக எழுதுகிறேன்.

அந்தப் பதிலை அனுப்பாதே. 'என் அப்பா' என்று எழுதினால் அட்டை எழுதியவர் வாயைப் பொத்தியதாக ஆகும். ஊனத்தைக் காட்டிக் கைதட்டல் கேட்கிறான் என்று பேசுவார்கள். உனக்கும் கெட்ட பெயர், அப்பாவுக்கும் அவமானம்.

நாலு பேர் ஒரே குறையைச் சொன்னால் அது குறைதான். எங்கள் அலுவலகத்தில் ஒரே தெருவிலிருந்து நாலு புகார் வந்தால் தெருவைத் தோண்டிவிடுவோம். அந்தக் காட்சியை எடுத்துவிடு. அப்பாவிடம் இதம்பதமாகச் சொல்லிக்கொள்ளலாம். அவர் என்ன, பெயருக்கும் புகழுக்கும் ஆசைப்படுகிறவரா?

பதிலை நான் எழுதித் தனித்தாளில் இணைத்திருக்கிறேன். உன் கையெழுத்தில் எழுதி அனுப்பு. ஒரு வார்த்தை மாற்றாதே.

உன்
அக்கா


மார்ச் 6

மதிப்பிற்குரிய பார்வையாளருக்கு,

வணக்கம். தாங்கள் நேரம் ஒதுக்கி எழுதிய அட்டை கிடைத்தது. மிக்க நன்றி.

தாங்கள் சொன்னது முற்றிலும் சரி. உண்மையில் தாங்கள் சொன்னதைவிட அந்தக் காட்சி மோசம். எடுக்கும்போதே எனக்கு அது தெரியும். அந்தப் பெரியவருக்கு இனிமேல் பேச வராது. அவரைப் பேச வைத்தது என் தவறு. எடுத்த பிறகு வெட்டினால் மனம் நோவாரே என்று இரக்கப்பட்டு விட்டுவைத்தேன். ஒருவர்மேல் உள்ள இரக்கத்துக்காக ஐம்பது பேரின் நேரத்தை வீணாக்கியது நியாயமில்லை.

அடுத்த திரையிடலில் அந்தக் காட்சி இருக்காது. தங்களைப் போல் வெளிப்படையாகப் பேசுகிறவர்களால்தான் எங்களைப் போன்றவர்கள் கற்றுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
படத்தின் இயக்குநர்


ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீங்கள் மூவரும் நலமாக இருக்க வேண்டும்.

போட்டியில் நமக்கு இரண்டாம் பரிசு! ஒரு கேடயம் கொடுத்தார்கள், இஸ்திரிப் பெட்டி கனம். அந்த நாலு நிமிஷத்தை எடுத்ததும் படம் ஓட்டமாக ஓடியது என்று எல்லாரும் சொன்னார்கள். மெக்கானிக் இப்போது வெறும் நிழலாகக் கதவுக்கு வெளியே போகிறார், அவ்வளவுதான். எடிட்டிங் கடைக்காரர் புதுப் படத்தைப் பழைய டேப்பின் மேலேயே பதிந்துவிட்டார். ஷூட்டிங் டேப்புகளை யாருடைய கடைத் திறப்பு விழாவுக்கோ உபயோகித்துக்கொண்டாராம். டேப்புக்குத் தட்டுப்பாடு என்கிறார். போகட்டும், இனி அவை எதற்கு?

அப்பாவிடம் நான் விஷயத்தைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் சொல்ல வேண்டும் என்று நாள் தள்ளிப்போயிற்று. போட்டி நாளன்று காலையில் அவர் முழங்காலைக் காட்டி, "வலி" என்றார். வரவில்லை என்று கையை ஆட்டினார். ஏமாற்றத்தைவிட எனக்கு அப்பாடா என்றுதான் இருந்தது. உனக்கு மட்டும் சொல்கிறேன். கேடயத்தைக் கொண்டுவந்து காட்டினேன். இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தார், தலையாட்டினார், அலமாரியில் வைத்தார்.

இப்போது ஒரு வேண்டுகோள். நேற்று ஒரு துண்டுத் தாளில் இடது கையால், "மகள் வீட்டுக்குப் போகிறேன்" என்று எழுதி என்னிடம் நீட்டினார். எத்தனை நாளைக்கு என்று கேட்டால் கையை விரிக்கிறார். நீ கூப்பிட்டபோதெல்லாம் வராதவர் இப்போது பெட்டி கட்டி வைத்திருக்கிறார். வரும் சனிக்கிழமை பஸ் ஏற்றி விடுகிறேன். மாமா வந்து அழைத்துக்கொண்டால் நல்லது.

அன்புடன்,
தம்பி


ஏப்ரல் 25

அன்புள்ள வாலுக்கு,

அப்பா பத்திரமாக வந்து சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. உடம்புக்கு ஒன்றுமில்லை. நன்றாகச் சாப்பிடுகிறார், தூங்குகிறார். குட்டியின் சைக்கிளைப் பிரித்து இடது கையாலேயே மறுபடி மாட்டிவிட்டார். பரிசுக்கு என் வாழ்த்துகள்.

இங்கே வந்ததிலிருந்து அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பயிற்சித் தாளை எடுத்துக் கொடுத்தால் மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிடுகிறார். சட்டைப் பையில் ஒரு குட்டி நோட்டும் பென்சிலும் எந்நேரமும் இருக்கின்றன. நேற்று அவரைத் தபால் நிலையத்துக்கு அழைத்துப்போனேன். கவுன்டரில் இருந்த பெண், "பேர் என்ன சார்?" என்று கேட்டாள். தன் பெயரை அவரால் சொல்ல முடியும், அது எனக்குத் தெரியும். வாயைத் திறந்தார். அப்புறம் திரும்பி எங்களுக்குப் பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பார்த்தார். இரண்டே பேர். நோட்டை எடுத்து எழுதிக் காட்டினார்.

அங்கே ஏதாவது நடந்ததா? காட்சியை எடுத்த விஷயம் அவருக்கு எப்படியாவது தெரிந்துவிட்டதா? மறைக்காமல் எழுது.

உன்
அக்கா


மே 10

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பள்ளி திறக்கும் நேரம், பிள்ளைகளின் கண்ணாடிகளால் கடையில் தலைக்கு மேல் வேலை. அதுதான் பதில் தாமதம்.

இங்கே ஒன்றும் நடக்கவில்லை. சங்கத்தில் யாராவது வாய்தவறிச் சொல்லியிருக்கலாம். வந்ததும் நானே பேசிச் சமாதானப்படுத்துகிறேன். இட மாற்றம், சரியாகிவிடும்.

அப்பா முடி வெட்டிக்கொள்ளும் சலூன்காரர் என்னை நடுத்தெருவில் நிறுத்தி, "அப்பா எப்ப வருவாரு?" என்று கேட்டார். தெரியாது என்றேன். ஒரு நிமிஷம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். அந்த மனிதருக்கு என்னவோ ஆகிவிட்டது.

குட்டிக்கு என் முத்தங்கள்.

தம்பி


மே 30

அன்புள்ள தம்பிக்கு,

எல்லாரும் இருக்கிறோம்.

செவ்வாய்க்கிழமை அப்பாவின் பெட்டியில் சால்வை தேடினேன். அடியில் ஒரு கடிதம் கிடைத்தது. உன் கையெழுத்து, என் வாசகம். 'மதிப்பிற்குரிய பார்வையாளருக்கு.'

முப்பத்தெட்டாவது அட்டை அப்பா எழுதியது.

கையில் கடிதத்தோடு அவர் முன்னால் போய் நின்றேன். "அப்பா, இது எப்படி உங்ககிட்ட?" என்றேன். கடிதத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அப்புறம் நோட்டை எடுத்து எழுதினார். நடுவில் இரண்டு முறை பென்சில் சீவிக் கொடுத்தேன். அதை அப்படியே எழுதுகிறேன்:

"படம் ஓடும்போது பின்னால் சிரித்தார்கள். பக்கத்தில் ஒருவர் கடிகாரம் பார்த்தார். பையனுக்கு என்னால் கெட்ட பேர் வருமே என்று பயந்தேன். அட்டையை சலூனுக்கு எடுத்துப் போனேன். என் கையெழுத்தைப் பையன் கண்டுபிடிப்பான் என்று, நான் எழுதிக் காட்டியதை சலூன்காரர் அதில் எழுதினார். அவர் வீட்டு விலாசம்தான் கொடுத்தேன். மெஷின் ரூம் விஷயம் ஷூட்டிங்கிலேயே சொல்ல வந்தேன், வார்த்தை வரவில்லை. எல்லாருக்கும் பதில் போடுகிறானே, இதற்கு என்ன போடுவான் என்று பார்க்க ஆசை. எடுக்க மாட்டேன் என்று எழுதுவான் என்று நினைத்தேன். தப்பு என்னுடையது."

தம்பி, உன்னை நான் திட்டப்போவதில்லை. திட்டும் தகுதி எனக்கு இல்லை. 'இனிமேல் பேச வராது' என்ற வரி என்னுடையது. குறையை ஒரு சுற்றுப் பெரிதாக்கச் சொன்னவள் நான். பன்னிரண்டு வருஷமாக முகம் தெரியாத ஆட்களுக்கு எழுதி எழுதி, அந்த முனையில் ஒரு மனிதர் உட்கார்ந்து அதைப் படிப்பார் என்பதே எனக்கு மறந்துபோயிற்று. அதிலும் நான் பார்க்காத காட்சி அது. பார்க்காமலே வெட்டு என்றேன்.

இதையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு எனக்கு லீவு கிடைத்தது. பஸ் டிக்கெட் கூட எடுத்திருந்தேன். அப்பா அத்தனை பேர் முன்னால் திக்கித் திணறுவதைப் பார்க்க மனசு வரவில்லை. வீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன்.

உன் முதல் பதில், 'அந்தக் கிழவர் என் அப்பா' என்று எழுதியிருந்தாயே, அந்தத் தாள் என்னிடம்தான் இருந்தது. ஓடிப்போய் எடுத்துவந்து அவரிடம் கொடுத்தேன். இதைப் பார்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினேன். மெதுவாகப் படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார். மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு நோட்டில், "இதை அனுப்பவில்லையே" என்று எழுதினார்.

அதற்கு என்னிடம் மூன்று படியும் இல்லை.

அக்கா


ஜூன் 8

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் உடம்பும் மனமும் எப்படி இருக்கின்றன என்று கேட்க எனக்கு வாய் இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

உங்கள் அட்டைக்கு மறுபடியும் பதில் எழுதுகிறேன். இந்தத் தடவை யாரும் திருத்தவில்லை, அதனால் முன்பின்னாக இருக்கும்.

அந்தக் கடிதத்தை எழுதியது அக்கா என்று அவள் உங்களிடம் சொல்லியிருப்பாள். பாதிதான் நிஜம். பார்த்து எழுதியது என் கை. 'இனிமேல் பேச வராது' என்ற இடத்தில் என் பேனா நின்றது அப்பா. நின்றது, பிறகு எழுதிவிட்டது. போட்டி கண்ணில் இருந்தது. ஒரு முன்பின் தெரியாதவரிடம் சொல்வதுதானே, அப்பாவுக்கு எங்கே தெரியப்போகிறது என்று நினைத்தேன். தெரியாது என்பதற்காகவே எழுதினேன். அதுதான் இதில் மிகவும் கேவலமான விஷயம்.

உங்கள் முழங்கால் வலி பொய் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு நீங்கள் வராதது எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். கேடயத்தை உங்கள் கையில் கொடுத்தபோது உங்களுக்கு எல்லாம் தெரியும். நீங்கள் தலையாட்டினீர்கள்.

அந்தக் காட்சியை மறுபடி சேர்க்கலாமென்று எடிட்டிங் கடைக்கு ஓடினேன். ஒரு டேப்பும் மிச்சமில்லை. நீங்கள் பேசிய இடத்தில் யாரோ ரிப்பன் வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு மணி நேரம் அந்தத் திறப்பு விழாவைக் கடைசிவரை பார்த்தேன், எங்காவது ஓரத்தில் உங்கள் குரல் ஒட்டிக்கொண்டிருக்காதா என்று. இல்லை.

சலூன்காரரைப் போய்ப் பார்த்தேன். "பதில் வந்துச்சான்னு தினம் வந்து உக்காருவாரு. வந்த அன்னிக்கு இந்த நாற்காலியிலதான் படிச்சாரு. மடிச்சுப் பையில வெச்சாரு. முடி வெட்டிக்காமயே எழுந்து போயிட்டாரு" என்றார்.

நான் அங்கே வரட்டுமா? கேமராவைக் கடன் வாங்கிவருகிறேன். அதே வசனத்தை மறுபடி எடுப்போம். நாலு நிமிஷமோ நாற்பது நிமிஷமோ, உங்கள் இஷ்டம்.

மன்னிப்புக் கேட்கும்
உங்கள் மகன்


ஜூன் 29

அன்புள்ள மகனுக்கு,

நலம். கடிதம் கிடைத்தது. இடது கையால் எழுதுவதால் மூன்று நாள் ஆயிற்று.

அக்கா சரியாகச் சாப்பிடுவதில்லை. நீ வந்தால் சொல்லு.

படம் போதும். கேமரா வேண்டாம். உன்னிடம் நேரில் ஒன்று சொல்ல வேண்டும். நோட்டில் எழுத முடியாது. வாயால்தான் சொல்ல வேண்டும். காலையும் சாயங்காலமும் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுச் சொல்லிப் பார்க்கிறேன். பாதி வருகிறது.

நேரமாகும். பொறுமையாக உட்கார்.

வா.

அப்பா


ஜூலை 20

அன்புள்ள அக்காவுக்கு,

வீடு வந்து சேர்ந்தேன், சுகம். நீ அலுவலகத்திலிருந்து வருவதற்குள் கிளம்பிவிட்டேன் என்று கோபித்துக்கொண்டிருப்பாய். மேஜைமேல், "அப்பாவுக்கு என்மேல் கோபமில்லை, எல்லாம் சரியாகிவிட்டது" என்று துண்டுத் தாளில் எழுதி வைத்திருந்தேனே, அதைக் கிழித்துப் போட்டுவிடு.

நடந்ததைச் சொல்கிறேன். மாமா குட்டியை அழைத்துக்கொண்டு வெளியே போனார். பின்கட்டு அறையில் அப்பாவும் நானும் மட்டும். ஜன்னலோரம் இரண்டு நாற்காலியை அவரே எதிரெதிராக இழுத்துப் போட்டார். சட்டைப் பையிலிருந்து நோட்டையும் பென்சிலையும் எடுத்துத் தள்ளி வைத்தார். நான் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டேன். இந்தத் தடவை எவ்வளவு நேரமானாலும் வாயைத் திறப்பதில்லை என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தேன்.

ஆரம்பித்தார். "நீ..." என்றார். நின்றார். எச்சில் விழுங்கினார். "நீ... அன்னிக்கு... எழுதின..." அவர் கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டது. நெற்றியெல்லாம் வியர்வை. மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். நான் அசையவே இல்லை அக்கா, சத்தியமாக. எத்தனை நிமிஷம் என்று தெரியாது. பக்கத்து வீட்டில் துணி துவைக்கும் சத்தம் நின்று, அலசும் சத்தம் வந்து, அதுவும் நின்றுவிட்டது. "எனக்கு..." என்றார். "எனக்கு... உன் மேல..."

அங்கே நின்றுவிட்டார். வாய் திறந்தபடி இருந்தது. கண்ணில் தண்ணீர் தேங்கியிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. அவர் படும் பாட்டைப் பார்க்கப் பொறுக்கவில்லை என்றுதான் அப்போது நினைத்தேன். "கோவம் இல்ல, அதானேப்பா?" என்றேன்.

அப்பா என்னைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். மெதுவாகத் தலையாட்டினார். "ம்" என்றார். என் கையைத் தட்டிக் கொடுத்துவிட்டு, நோட்டையும் பென்சிலையும் எடுத்துப் பையில் செருகிக்கொண்டார்.

நான் அவர் மடியில் தலை வைத்து அழுதேன். பாரம் இறங்கியது போலிருந்தது. உனக்குத் துண்டுத் தாள் எழுதி வைத்துவிட்டுச் சந்தோஷமாகத்தான் பஸ் ஏறினேன். பாதி தூரம் வந்த பிறகுதான் உறைத்தது. கோபமில்லை என்பது நான் கேட்க விரும்பியது. 'கோவம் இல்ல' என்பதை ஒரு நோட்டுத் தாளில் எழுத அவருக்கு அரை நிமிஷம் போதும். அதற்காகவா குழாயைத் திறந்துவிட்டு ஒரு மாதம் பழகினார்?

அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி வரலாமா என்று எழுந்தேன். திரும்பி வந்து என்ன கேட்பது? உட்கார்ந்துவிட்டேன்.

அவர் சொல்ல வந்தது என்ன என்று நீயும் கேட்காதே அக்கா. கேட்டால், நான் சொன்னதையே எழுதிக் காட்டுவார்.

தம்பி